கடல்பாசி என்று சொன்னேன்

ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வின் என்4 நிலையில் நான் தோற்றேன். தேறிவிட்டதாக என் தோழிகள் நான்கு பேரையும் நம்ப வைத்தேன். அந்த நம்பிக்கையின் மேல் ஒரு கோடைப் பயணம் முழுவதையும் கட்டினேன். பிறந்ததிலிருந்து மீனைத் தொடாத ஒருத்திக்கு, மீன் என்று எனக்குத் தெரிந்த பிறகும், மீன் சாற்றைக் குடிக்கக் கொடுத்தேன்.

அந்தத் தேர்வைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் பொய் அதன் விதிகளுக்குள்தான் ஒளிந்துகொண்டது. என்5 முதல் என்1 வரை ஐந்து படிகள். ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும், சென்னையிலேயே எழுதலாம். என்4 நிலைக்கு மொத்தம் 180 மதிப்பெண், தேறுவதற்கு 90. ஆனால் 90 எடுத்தால் மட்டும் போதாது. சொல், இலக்கணம், வாசிப்பு மூன்றும் சேர்ந்த 120-இல் குறைந்தது 38 வேண்டும். காதால் கேட்டு விடையளிக்கும் பகுதியின் 60-இல் குறைந்தது 19 வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தோல்விதான். பேசிக் காட்ட வேண்டியதில்லை, எழுதிக் காட்டவும் வேண்டியதில்லை, சரியான விடையைத் தேர்ந்து கட்டத்தை நிரப்பினால் முடிந்தது. ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும்.

டிசம்பரில் எழுதினேன். ஜனவரிக் கடைசியில் முடிவு வந்தது. என் மொத்தம் 90-ஐத் தாண்டியிருந்தது. கேட்டல் பகுதி 19-ஐத் தொடவில்லை.

எங்கள் ஐந்து பேருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மதுரையில் கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்தவர்கள். தேர்ச்சிக்கு 90 என்பதை நானே முன்பு பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். அன்று சாயங்காலம், ‘ரிசல்ட் என்னாச்சு?’ என்று ஒருத்தி கேட்டாள். ‘தொண்ணூறைத் தாண்டிட்டேன்’ என்று எழுதினேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. வாழ்த்துகள் வந்து குவிந்தன, நானும் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னேன். உண்மையான ஒரு வாக்கியத்தை வைத்து ஏமாற்றினால் மனம் அவ்வளவாக உறுத்தாது என்பதை அன்று கண்டுகொண்டேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது.

காது ஏன் பயிலவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ் பேசுகிறவருக்கு ஜப்பானிய மொழியின் வாசல் அகலமானது. வினை கடைசியில் வரும். பெயருக்குப் பின்னால் வேற்றுமை உருபு போல ஒரு சின்ன இடைச்சொல் ஒட்டிக்கொள்ளும். தமிழில் நினைத்த வரிசையிலேயே சொற்களை அடுக்கிக்கொண்டு போகலாம். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இந்த ஒற்றுமைகளை வைத்து இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றே பல ஆண்டுகள் வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனால் மின்னா நோ நிஹோங்கோ பாடநூலின் முதல் பாடங்களைப் புரட்டும் தமிழர் எவருக்கும் அவர் ஏன் அப்படி நினைத்தார் என்பது புரியும். எனக்கு அந்த எளிமை தலைக்கேறியது. முதல் இருபத்தைந்து பாடங்களை முடித்ததும் என்னைத் தடுக்க ஆளில்லை என்று நினைத்தேன்.

வகுப்பில் என்னோடு இருந்தவர்களில் பாதிப் பேர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பொறியாளர்கள். சிலர் ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போகவிருந்த இளம்பெண்கள். அவர்களுக்கு இந்த மொழி சோறு. எனக்குப் பாராட்டு தேவைப்பட்டது. நாற்பது வயதுக்கு மேல் அலுவலகத்திலும் வீட்டிலும் யாரும் ‘பரவாயில்லையே’ என்று சொல்லாத ஒருத்திக்கு, நோட்டில் கட்டம் கட்டமாக எழுதிய கான்ஜி எழுத்துகளைப் படம் பிடித்துக் குழுவில் போட்டவுடன் நாலு பேர் வியந்து பதில் எழுதுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத்தான் தெரியும். ஒலிப்பதிவைக் கேட்டு, நிறுத்தி, உரக்கத் திருப்பிச் சொல்வதை யாரும் படம் பிடிக்க முடியாது. என் ஆசிரியை தினமும் அதைச் செய்யச் சொன்னார். செய்தேன் என்று அவரிடமும் தலையாட்டினேன்.

பயணத் திட்டம் பிப்ரவரியில் சூடு பிடித்தது. ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை தொடர் விடுமுறை. அப்போது அந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் ரயிலில்தான் இருப்பார்கள். ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும். ஜூலையும் ஆகஸ்டும் நம் சென்னை வெயிலுக்குக் குறையாத புழுக்கம். ஆகவே பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு மே நடுவில் கிளம்புவது என்று முடிவானது. கணக்கில் கெட்டிக்காரி ஒருத்தி ரயில் செலவை எடுத்துக்கொண்டாள். ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது, நம் வழிக்குத் தனித்தனியாகச் சீட்டு வாங்குவதுதான் லாபம் என்று அட்டவணை போட்டுக் காட்டினாள். அவளவள் தன் பங்கைச் சரியாகச் செய்தாள். மொழி என் பங்கு.

எங்களில் ஒருத்தி திருநெல்வேலிச் சைவ வீட்டுப் பெண். முட்டை சேர்த்த கேக் கூடச் சாப்பிட மாட்டாள். விடுதி நாள்களில் நாங்கள் மீன் குழம்பு சாப்பிடும்போது பக்கத்து மேசையில் உட்கார்ந்து கதை பேசுவாள். எங்களை ஒரு நாளும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. அவள் ஆரம்பத்திலேயே கேட்டாள்: “ஏட்டி, எனக்கு அங்க சாப்பாடு கெடைக்குமா? இல்லன்னா நான் வரல, நீங்க போயிட்டு வாங்க.” சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு போகும் குழுச் சுற்றுலா ஒன்றை அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். நான் தடுத்தேன். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் சின்ன ரைஸ் குக்கரும் எடுத்து வருகிறேன் என்றாள். எடைதான் வீண், நான் எதற்கு இருக்கிறேன் என்றேன்.

இன்னொன்றும் செய்தேன். இதைச் சொல்லத்தான் எனக்கு அதிக வெட்கமாக இருக்கிறது. அவள் கோயாசான் மலைக்குப் போக ஆசைப்பட்டாள். கூகாய் என்ற துறவி 816-இல் நிறுவிய மடங்கள் இருக்கும் மலை அது. ஒசாகாவின் நம்பா நிலையத்திலிருந்து ரயிலில் போய், கடைசியில் கம்பிவட வண்டியில் ஏற வேண்டும். அங்குள்ள கோயில்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை பயணிகளைத் தங்க வைத்து, துறவிகள் உண்ணும் ஷோஜின் ரியோரி உணவைப் பரிமாறுகின்றன. இறைச்சி இல்லை, மீன் இல்லை, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. சாற்றுக்குக் கொம்பு என்ற கடல்பாசியும் உலர்ந்த ஷீத்தாகே காளானும்தான். ஜப்பான் முழுவதிலும் அவள் சந்தேகமில்லாமல் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய இடம் அது. ஒரு ராத்திரிக்குச் செலவு அதிகம், போக வர நேரமாகும் என்று சொல்லித் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். செலவும் நேரமும் உண்மை. ஆனால் அவை காரணமில்லை. அங்கே வெளிநாட்டவர் நிறையப் பேர் வருகிறார்கள், எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே பதிவு செய்துவிடலாம் என்று படித்திருந்தேன். அந்த மலையில் எனக்கு வேலை இருக்காது. என் மொழி தேவைப்படாத ஓர் இடத்துக்குத் தோழிகளைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனமில்லை.

மே மாதம் போய் இறங்கினோம். டோக்கியோவில் முதல் நாளே தெரிந்துவிட்டது. பாடநூல் கற்றுத் தரும் பணிவு ஒரு வகை, கடைக்காரர்கள் வாடிக்கையாளரிடம் பேசும் பணிவு வேறு வகை. வினைச்சொற்களே மாறிவிடுகின்றன. நான் கேட்ட கேள்வி அவர்களுக்குப் புரிந்தது. அவர்கள் சொன்ன பதில் எனக்குப் புரியவில்லை. தேர்வு முடிவு ஜனவரியிலேயே சொன்ன செய்திதான் அது. கேள்வி நன்றாக வந்ததால் தோழிகள் மகிழ்ந்தார்கள். பதிலை நான் ஊகித்துத் தமிழில் சொன்னேன். பல நேரம் ஊகம் சரியாக இருந்தது. சரியாக வரவர இன்னும் துணிந்தேன்.

ஒசாகாவில், நம்பாவை ஒட்டிய ஒரு சந்தில் சின்ன ஊடோன் கடை. எட்டுப் பேர் உட்காரலாம். ஊடோன் என்பது தடித்த கோதுமை நூடுல்ஸ். அதில் கித்சுனே ஊடோன் ஒசாகாவின் பெருமை. இனிப்பில் ஊறிய பொரித்த டோஃபுத் துண்டு ஒன்று மேலே கிடக்கும். பார்க்க முழுச் சைவம். சைவத் தோழி சுவரில் இருந்த படத்தைக் காட்டி, “இது நான் சாப்பிடலாமாட்டி?” என்றாள். கைப்பேசியை எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்தாள். நான் அந்தக் கையை மெல்லக் கீழே இறக்கி, “இரு, நான் கேக்கேன்” என்றேன்.

கேட்டேன். இதில் இறைச்சி இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். கடைக்காரர், அறுபது வயதிருக்கும், இல்லை என்றார். பிறகு என் தோழியின் முகத்தைப் பார்த்தார். அவள் கவலை அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்தைக் கையால் காட்டி, நீளமாக இன்னொன்று சொன்னார். வாக்கியம் எனக்குப் பிடிபடவில்லை. சாற்றைக் குறிக்கும் ‘தாஷி’ என்ற சொல்லும் ‘கத்சுவோ’ என்ற சொல்லும் காதில் விழுந்தன. அந்த மனிதர் தன் கடமையைச் செய்துவிட்டார். மறைக்காமல் சொன்னார், கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்.

கத்சுவோ எந்த மீன் என்று எனக்கு அந்த நொடியில் நினைவு வரவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். சொல் நினைவுக்கு வராததும் உண்மைதான். ஆனால் கிண்ணம் வந்து ஆவி முகத்தில் அடித்ததும் என் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் பக்கத்து வீடுகளிலும் காயல்பட்டினத்திலும் கடல் தாண்டி இலங்கையிலும் மாசி உண்டு. சூரை இனத்து மீனை வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் மரக்கட்டை போல இறுகக் காயவைப்பது மாசி. மாலத்தீவிலும் மினிக்காயிலும் செய்வார்கள். அதே மீனை வேகவைத்து, திரும்பத் திரும்பப் புகையூட்டி, சீவலாகச் சீவிக் கொதிநீரில் போட்டு எடுப்பதுதான் ஜப்பானியரின் கத்சுவோபுஷிச் சாறு. ஆச்சி அம்மியில் மாசியை இடித்துச் சம்பல் அரைத்த வாசத்தில் வளர்ந்தவள் நான். ஒசாகாச் சந்தில் அந்த வாசம் தெளிவாக இருந்தது. மொழியில் தோற்ற காதுக்குத் தெரியாதது மூக்குக்கு முழுக்கத் தெரிந்தது.

அப்போது வாயைத் திறந்திருக்கலாம். ‘இரு, எனக்குச் சந்தேகமா இருக்கு’ என்று நான்கு சொல் போதும். மற்ற மூவரும் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள். கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரியவில்லை என்று அத்தனை பேருக்கும் முன்னால் சொல்ல என்னால் முடியவில்லை.

அவள் சாற்றை ஒரு வாய் உறிஞ்சினாள். கண்ணை மூடிக்கொண்டாள். “என்னட்டி இவ்வளவு ருசியா இருக்கு! ஏதோ பொகை வாசம் வருதே, இதுல என்ன போடுதாங்க?”

கடல்பாசி என்று சொன்னேன்.

அதுவும் உண்மை. அந்தச் சாற்றில் கொம்பும் இருந்திருக்கும். ஒசாகாக்காரர்கள் கொம்பு இல்லாமல் சாறு வைப்பதில்லை. 1908-இல் கிகுனாயே இகேதா என்ற வேதியியல் பேராசிரியர் கொம்புச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளுட்டமிக் அமிலம் என்று கண்டறிந்தார். 1913-இல் அவருடைய மாணவர் ஷிந்தாரோ கொதாமா, கத்சுவோபுஷியின் ருசி இனோசினேட்டிலிருந்து வருவதைக் கண்டார். இரண்டும் ஒரே சாற்றில் சேர்ந்தால் ருசி கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக ஏறும். அவள் கண்ணை மூடியது அந்தச் சேர்க்கைக்கு. பாதியை மட்டும் சொல்லி மீதியை அவள் வயிற்றுக்குள் அனுப்பினேன். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, அந்த ஊர்க்காரர்களைப் போலவே கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

மறுநாள் சொல்லியிருக்கலாம். சொன்னால் ‘நேத்தே ஏன் சொல்லல?’ என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் ஜனவரி மாதத்தில் இருந்தது. ஒன்றைச் சொல்ல மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அதனால் மிச்ச நாள்களையும் அப்படியே ஓட்டினேன். கியோட்டோவிலும் ஹிரோஷிமாவிலும் ஒவ்வொரு வேளையும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் தலையசைப்பேன், அவள் சாப்பிடுவாள். சில வேளை உண்மையிலேயே சைவமாக இருந்தது. எது எந்த வேளை என்று எனக்கே தெரியாது.

ஊர் திரும்பியதும் அவள் சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொன்னாள்: ஜப்பானில் சைவச் சாப்பாட்டுக்குக் கஷ்டமே இல்லை, கூட வந்தவள் தாயைப் போலப் பார்த்துக்கொண்டாள். அவள் அம்மா எனக்கு ஒரு டப்பா நிறையக் கருப்பட்டி மிட்டாய் கொடுத்துவிட்டார். வாங்கிக்கொண்டேன்.

அவளுடைய அக்கா மகள் செவிலியர் படிப்பு முடித்தவள். ஜப்பானில் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக முயற்சி செய்கிறாள். 2019-இல் அந்த நாடு தொடங்கிய திறன் பணியாளர் விசாவில் அந்த வேலையும் உண்டு. அதற்கு அடிப்படை மொழித் தேர்வோ என்4-ஓ தேற வேண்டும். என்4 தேறியவள் ஒருத்தி தன் தோழி என்று சொல்லி அவளை என்னிடம் பேசச் சொல்லியிருந்தாள். அந்தப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். முதல் கேள்வியே, “சித்தி, அந்தக் காதால கேக்குற பகுதியில நீங்க எப்படிப் பாஸ் பண்ணினீங்க? எனக்கு அதுதான் வரமாட்டேங்குது.” நான் ஏதோ சொன்னேன். தினமும் கேட்க வேண்டும், நிறுத்தி உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று, நான் செய்யாத அத்தனையையும் செய்தவளைப் போலச் சொன்னேன். அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கடைசியில், “சாப்பாட்டுக்குப் பயமில்ல சித்தி, ஊடோன் சைவம்னு சின்னம்மை சொல்லிட்டாங்க” என்றாள். அவளும் அதே வீட்டுப் பிள்ளை. ஒரு வேளை, ஒரு வாரம் இல்லை, வருடக்கணக்காக அங்கே இருந்து சாப்பிடப் போகிறவள்.

அன்று ராத்திரி தோழிக்குப் போன் செய்தேன். தேர்விலிருந்து ஆரம்பித்தேன். 19 மதிப்பெண் விதியைச் சொன்னேன். கோயாசானைச் சொன்னேன். ஒசாகாவுக்கு வந்தபோது அவள் குறுக்கிட்டாள்.

“அப்பவே தெரியுமா, இல்ல பொறவு தெரிஞ்சுதா?”

“அப்பவே தெரியும். மாசி வாசம் அடிச்சுது.”

அழுவாள், திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் ஒவ்வொரு சாப்பாடாகக் கேட்டாள். எல்லாம் அவளுக்கு நினைவிருந்தது.

“கியோட்டோ சத்திரத்துல காலைல குடுத்த அந்த மிசோ சூப்பு?”

“மீன் சாறுதான் இருந்திருக்கும்.”

“டோக்கியோல காய்த் தெம்புரா?”

“மாவுல முட்டை போடுறது வழக்கம். தொட்டுக்கிட்டதும் மீன் சாறு.”

“அந்தக் கத்தரிக்கா, மேல மிசோ தடவினது?”

“எனக்குத் தெரியாது.”

“ரயில்ல சாப்பிட்ட ஊறுகா வச்ச சோத்து உருண்டை?”

“அதுவும் உறுதியாத் தெரியாது.”

“என் புளிக்காய்ச்சல வேண்டாம்னியே” என்றாள். அதற்குப் பிறகு நீண்ட நேரம் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. “அந்தப் பிள்ளைக்கு எல்லாத்தையும் எழுதி அனுப்பு. நீ பாஸ் பண்ணலங்கிறதையும் சேத்து எழுது” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

குழுவில் மற்ற மூவருக்கும் அன்றே எழுதினேன். பிறகு அந்தப் பெண்ணுக்கு. இறைச்சி உண்டா என்று மட்டும் கேட்காதே. மீன் உண்டா, இறால் நண்டு உண்டா, முட்டை உண்டா, சாறு எதில் எடுத்தது என்று தனித்தனியாகக் கேள். ஊடோன், சோபா, மிசோ சூப், வேகவைத்த காய்கறி எதுவானாலும் தாஷி என்ன என்று கேட்காமல் வாயில் வைக்காதே. கொம்பும் ஷீத்தாகேயும் மட்டும் என்றால் சாப்பிடலாம். சோயா சாஸில் மீன் சாறு கலந்து புட்டியில் விற்பார்கள், முகப்பில் எழுதியிருப்பதைப் படி. பதில் புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லி எழுதித் தரக் கேள். இத்தனையும் எழுதிவிட்டு, கேட்டல் பகுதியில் நான் தேறவில்லை, உனக்குச் சொன்ன எதையும் நான் செய்து பார்த்தவள் இல்லை என்றும் எழுதினேன்.

காலையில் அவள் பதில் வந்தது: ‘சரிங்க சித்தி. அப்ப கேக்குற பகுதிக்கு நான் யார்கிட்ட கேக்கட்டும்?’

என் ஆசிரியையிடம் அனுமதி வாங்கி, அவருடைய எண்ணை அனுப்பினேன்.